பூதலூரில் போன கொக்கி

தஞ்சாவூருக்குப் போகிறவர்கள் பெரிய கோவிலைப் பார்க்கிறார்கள். நேரம் மிச்சமிருந்தால் சரஸ்வதி மகாலை எட்டிப் பார்க்கிறார்கள். தலையாட்டிப் பொம்மை ஒன்றை வாங்கிக்கொண்டு ரயிலேறி விடுகிறார்கள். பெரிய கோவிலின் பக்கத்திலேயே, சிவகங்கைத் தோட்டத்தை ஒட்டி, சின்னக் கோட்டைக்குள் ஒரு பழைய மாதிரிக் கிறிஸ்தவக் கோவில் இருப்பது பலருக்குத் தெரிவதில்லை. எனக்கும் வெகு நாள் தெரியாது. உள்ளூர் நண்பர் ஒருவர் அழைத்துப் போய்க் காட்டினார்.

உள்ளே ஒரு சலவைக்கல் சிற்பம். கட்டிலில் ஒரு கிழவர் சாகக் கிடக்கிறார். பக்கத்தில் தலைப்பாகையோடு ஓர் இளைஞர் நின்று அவருடைய கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். சுற்றிலும் சிலர், சிறுவர்களும் இருக்கிறார்கள். கிழவர் ஸ்வார்ட்ஸ் ஐயர் என்ற பாதிரியார். இளைஞர் சரபோஜி மகாராஜா. லண்டனில் பேர்பெற்ற ஃப்ளாக்ஸ்மன் என்ற சிற்பியிடம் சரபோஜியே பணம் கொடுத்துச் செய்வித்த வேலை இது. சாகும்வரையில் சரபோஜி கிறிஸ்தவராகவில்லை. ஓர் இந்து ராஜா, மாதாகோவில் சுவரில் பதிப்பதற்காக, ஒரு பாதிரியாருக்குக் கல்லில் ஞாபகச் சின்னம் எழுப்பியிருக்கிறார். உலகத்தில் இப்படி எத்தனை இருக்கும் என்று யோசித்துக்கொண்டு நின்றேன்.

என் நண்பர் ரெவின்யூ இலாகாவில் முப்பது வருஷம் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். எந்த மனுவைக் கொடுத்தாலும் அதில் எழுதியிருப்பதைப் படிக்கமாட்டார். ஏன் எழுதியிருக்கிறான் என்பதைத்தான் படிப்பார். அவர் மெள்ளச் சொன்னார்:

"எல்லாம் சரி, ஸார். ஆனால் ஒன்று. இவர் பள்ளிக்கூடம் வைத்தார், பஞ்சத்தில் சோறு போட்டார், ராஜாவுக்குப் புத்தி சொன்னார். எல்லாம் எதற்காக? கடைசியில் ஆள் சேர்க்கத்தானே? தூண்டிலில் புழுவைக் கோக்கிறவன் மீனுக்குப் பசிக்குமே என்றா கோக்கிறான்?"

எனக்கு உடனே பதில் வரவில்லை. கதை எழுதிப் பிழைக்கிறவனுக்கு இந்தக் கேள்வியிடம் ஒரு பயம் உண்டு. என் பாத்திரங்கள் ஒரு காரியம் செய்தால் அது எந்த நோக்கத்தோடு என்று எனக்குத் தெரியும். நான்தானே அதை அவர்கள் மனத்தில் வைத்தவன்! நிஜ மனிதர்கள் விஷயத்தில் அந்த வசதி கிடையாது. அவர்கள் செய்தது மட்டும் நம் கண்ணுக்குத் தெரியும். மனத்தில் நினைத்தது அவர்களோடு போய்விடும்.

ஆனால் ஊருக்குத் திரும்பி, பழைய புத்தகங்களைப் புரட்டியபோது ஒரு வேடிக்கையைக் கண்டேன். நண்பர் கேட்ட கேள்வி ஸ்வார்ட்ஸ் ஐயரின் காலத்திலேயே, அவர் உயிரோடு இருக்கும்போதே எழுந்திருக்கிறது. அதுவும் எங்கே? லண்டன் பார்லிமெண்டில். அவரும் தஞ்சாவூரில் உட்கார்ந்துகொண்டு அதற்குப் பதில் எழுதியிருக்கிறார்.

1793ஆம் ஆண்டு கிழக்கிந்தியக் கும்பெனியின் சாசனத்தைப் புதுப்பிக்கும் விவகாரம் பார்லிமெண்டுக்கு வந்தது. இந்தியாவுக்குப் பாதிரிமாரையும் உபாத்தியாயர்களையும் அனுப்ப வழி செய்யவேண்டும் என்று வில்பர்ஃபோர்ஸ் ஒரு ஷரத்தைக் கொண்டுவந்தார். கும்பெனிக்காரர்களுக்கு அது பிடிக்கவில்லை. மிளகும் துணியும் வாங்கப் போன இடத்தில் மத விவகாரம் எதற்கு என்பது அவர்கள் கட்சி. அந்தத் தர்க்கத்தில் மாண்ட்கோமரி காம்ப்பெல் என்பவர் எழுந்து பேசினார். சென்னை கவர்னராக இருந்த ஸர் ஆர்ச்சிபால்ட் காம்ப்பெலின் அந்தரங்கக் காரியதரிசியாக இந்தியாவுக்கு வந்து போனவர் அவர். ஸ்வார்ட்ஸ் ஒரு நாள் திருட்டு மகா பாவம் என்று ஆவேசமாகப் பிரசங்கம் செய்தாராம். வெயில் தாங்காமல் கழுத்துப் பட்டியைக் கழற்றி வைத்தாராம். பிரசங்கம் கேட்டுக்கொண்டிருந்த அவருடைய சிஷ்யகோடிகளில் ஒருவன் அந்தப் பட்டியின் தங்கக் கொக்கியை அடித்துக்கொண்டு போய்விட்டானாம். இதுதான் காம்ப்பெல் சொன்ன கதை. சபையில் சிரிப்புக்குப் பஞ்சம் இருந்திராது. ஷரத்து தோற்றுப்போனது. அதற்குக் கொக்கிதான் காரணம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் ஒரு நல்ல கதை பத்து நல்ல வாதங்களைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும் என்பது என் தொழில் அனுபவம்.

கொக்கி போனது வாஸ்தவம். எப்படிப் போயிற்று என்று கிழவர் 1794 பிப்ரவரியில், லண்டனில் இருந்த கிறிஸ்தவ ஞான விருத்திச் சங்கத்துக்கு எழுதிய நீண்ட கடிதத்தில் விவரித்திருக்கிறார். ஏறக்குறையப் பதினேழு வருஷத்துக்கு முன், அவர் திருச்சிராப்பள்ளியில் குடியிருந்தபோது, தஞ்சாவூர்ச் சபையைப் பார்க்கக் கிளம்பினார். விடியற்காலையில் பூதலூருக்குப் பக்கத்தில் வந்து சேர்ந்தார். பட்டியைக் கழற்றி ஒரு மணல்மேட்டில் வைத்துவிட்டு, துணிமூட்டை தூக்கி வரும் ஆள் பின்னால் வருகிறானா என்று பார்க்க நாலடி நடந்தார். அதற்குள் சில பையன்கள் அதை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டார்கள். ஊர்க்காரர்கள் வந்து, பையன்களைப் பிடித்து அடைத்து வைத்து எப்படி வேண்டுமானாலும் தண்டியுங்கள் என்று சொன்னார்கள். இவர்தான் வேண்டாம் என்று விட்டுவிட்டார். அற்பப் பொருளுக்கு அத்தனை சிரமம் எதற்கு என்று. அந்த ஊரில் அப்போது ஒரு கிறிஸ்தவக் குடும்பம்கூடக் கிடையாது. பிரசங்கமும் நடக்கவில்லை. பூதலூர் மணல்மேட்டிலிருந்து கிளம்பிய அந்தக் கொக்கி, சென்னை வழியாகக் கப்பலேறி லண்டன் போய்ச் சேருவதற்குள் தங்கமுலாம் பூசிக்கொண்டது மட்டுமல்ல, ஒரு பிரசங்கத்தையும் ஒரு சபையையும் கூடச் சம்பாதித்துக்கொண்டு விட்டது!

கொக்கிக்குப் பதில் சொல்வது எளிது. அதோடு அவர் நிறுத்தியிருந்தால் அந்தக் கடிதத்தை இன்று யாரும் தேடமாட்டார்கள். அவர் சபையைப் பழித்தவர்களுக்குப் பதில் சொல்லவேண்டுமானால், இத்தனை வருஷம் இந்த நாட்டில் என்ன செய்தார் என்று கணக்குக் காட்டியாக வேண்டியிருந்தது.

கிறிஸ்டியன் ஃப்ரீட்ரிக் ஸ்வார்ட்ஸ் 1726இல் பிரஷ்யாவில் சோன்னன்பர்க் என்ற சிற்றூரில் பிறந்தவர். தாயார் குழந்தைப் பருவத்திலேயே போய்விட்டாள். ஹாலே நகரத்தில் படிக்கும்போது, தமிழ்நாட்டிலிருந்து திரும்பியிருந்த ஷூல்ட்சே என்ற பாதிரியாரிடம் தமிழ் எழுத்தைக் கற்றுக்கொண்டார். 1750இல் தரங்கம்பாடிக்கு வந்தார். வந்து நாலு மாதத்துக்குள், சீகன்பால்கு கட்டிய கோவிலில் தமிழில் பிரசங்கம் செய்துவிட்டார். பிறகு சுமார் நாற்பத்தெட்டு வருஷம் இங்கேதான். ஊர் திரும்பவும் இல்லை, கல்யாணம் செய்துகொள்ளவும் இல்லை. திருச்சிராப்பள்ளியில் அவரைப் பார்த்த ஓர் ஆங்கிலேயர் எழுதி வைத்திருக்கிறார்: வருமானம் வருஷத்துக்கு 48 பவுன், கட்டிலும் தானும் கொள்ளும் அளவுக்கு ஒரு பழைய கட்டடத்தில் அறை, நம் ஊர்ச் சமையலாகச் சோறும் காய்கறியும், கறுப்புச் சாயம் போட்ட முரட்டுத் துணியில் ஓர் அங்கி. பின்னால் கும்பெனி அவரைப் பட்டாளத்துப் பாதிரியாகவும் வைத்து வருஷம் 100 பவுன் கொடுத்தபோது, அதில் பாதியை அவர் சபைக் காரியங்களுக்கு ஒதுக்கிவிட்டார்.

எளிமையை நான் பெரிதாகச் சொல்ல வரவில்லை. நம் நாட்டில் எளிமைக்குக் குறைவே கிடையாது. எளிமையை மூலதனமாகப் போட்டுப் பெரிய வியாபாரம் செய்தவர்களும் உண்டு. அந்தக் கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது வேறு ஓர் இடம்.

1780இல் ஹைதர் அலி கர்நாடகத்தின்மேல் பாய்ந்தார். தஞ்சைச் சீமை சூறையாடப்பட்டது. ஜனங்கள் கோட்டைக்குள் வந்து நெருக்கியடித்தார்கள். வெளியே வயலில் நெல் இருந்தது. உள்ளே நெல் இல்லை. சிப்பாய்கள் பசியால் விழுந்து செத்தார்கள். தெருவெல்லாம் பிணம். துளஜாஜி மகாராஜா குடியானவர்களுக்கு ஆள் அனுப்பினார்: நெல்லையும் மாட்டையும் கொண்டு வாருங்கள், பணம் தருகிறோம் என்று. ஒருவரும் வரவில்லை. கும்பெனியும் வாக்குக் கொடுத்துப் பார்த்தது. அதற்கும் வரவில்லை. இரண்டு பேரும் முன்னே வாங்கினதற்கு ஒழுங்காகக் கொடுத்திருந்தால்தானே! கடைசியில் துளஜாஜி ஒரு கும்பெனி அதிகாரியிடம் வாயைத் திறந்தே சொல்லிவிட்டார்: உமக்கும் நாணயம் போயிற்று, எனக்கும் போயிற்று, அந்தப் பாதிரியாரையாவது நம்புகிறார்களா பார்ப்போம், என்று. பிறகு ஒரு வெற்றுக் காகிதத்தை ஸ்வார்ட்ஸுக்கு அனுப்பி வைத்தார். குடிகளோடு என்ன வேண்டுமானாலும் பேசி அதில் எழுதிக்கொள்ளலாம்.

ஒரு ராஜா தன் சொந்தச் சீமையில் தன் சொந்தக் குடிகளிடம் காட்டுவதற்காக, வேறொரு நாட்டுக்காரனிடம் வெற்றுக் காகிதம் கொடுக்கிறான். என்ன அவமானம் பாருங்கள்! அதைக் கொடுக்கத் துணிந்தானே என்று துளஜாஜியின்மேல் எனக்கு மரியாதையும் உண்டாகிறது.

ஸ்வார்ட்ஸ் தன் உபதேசியார்களைக் கிராமங்களுக்கு அனுப்பினார். ஒன்றிரண்டு நாளில் ஆயிரம் மாடுகள் வந்துவிட்டன. கொஞ்ச காலத்துக்குள் 80,000 கலம் நெல் கோட்டைக்குள் வந்து இறங்கியது. கோட்டை பிழைத்தது. அவர் எல்லோருக்கும் சல்லிக்காசு குறையாமல் கணக்குத் தீர்த்து, மேற்கொண்டு சிறிது இனாமும் கொடுத்து ஊருக்கு அனுப்பினார். 1782இல் கர்னல் ப்ரெய்த்வெயிட்டின் படை முழுவதும் எதிரியிடம் சிக்கிக்கொண்டது. கோட்டையில் மறுபடியும் பஞ்சம். மறுபடியும் அவரைத்தான் கூப்பிட்டார்கள். மறுபடியும் நெல் வந்தது. போர் மூண்டவுடனேயே, விலை ஏறுமுன், அவர் தம் கையிலிருந்த பணத்துக்கு நெல் வாங்கிச் சேர்த்தும் வைத்திருந்தார். அந்த நெல்லால் பசியாறியவர்கள் எல்லாரும் கிறிஸ்தவர்கள் அல்ல.

பின்னாளிலும் இதே மாதிரி ஒன்று நடந்தது. சர்க்கார் அதிகாரிகளின் கொடுமை தாங்காமல் குடியானவர்கள் நிலத்தைப் போட்டுவிட்டு ஆயிரக்கணக்கில் ஊரை விட்டுப் போய்விட்டார்கள். ராஜா அழைத்தும் வராதவர்கள் ஸ்வார்ட்ஸ் வாக்குக் கொடுத்தவுடன் வந்தார்கள். ஒரே நாளில் 7,000 பேர். பருவம் தவறிப்போயிற்றே என்று அவர் கவலைப்பட்டபோது, உங்கள் முகத்துக்காக இராப்பகலாகப் பாடுபடுகிறோம் என்ற பாவனையில் பேசிவிட்டு வயலில் இறங்கினார்களாம்.

நல்லது. இப்போது என் நண்பரின் தூண்டிலுக்கு வருவோம்.

தமக்கு மீன் வேண்டாம் என்று ஸ்வார்ட்ஸ் எப்போதும் சொன்னதே இல்லை. இதை நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும். சந்தித்தவர்களிடமெல்லாம் அவர் தம் மதத்தைப் பேசினார். அரண்மனையிலும் பேசினார், சத்திரத்திலும் பேசினார். 1785ஐ ஒட்டித் தஞ்சாவூர், ராமநாதபுரம், சிவகங்கை ஆகிய இடங்களில் ஆங்கிலப் பள்ளிக்கூடங்கள் ஏற்பட்டபோது அவர் எழுதியதன் சாரம் இதுதான்: பிள்ளைகளைக் கிறிஸ்தவ மார்க்கத்துக்கு இழுக்க வஞ்சகமான உபாயம் ஒன்றும் செய்யமாட்டோம்; ஆனால் அவர்கள் கடவுளை அறியவேண்டும் என்ற ஆசை எங்களுக்கு இல்லை என்று சொல்லவும் மாட்டோம். ஆசையை மேஜைமேல் வைத்துவிட்டார். மறைத்து வைத்த முள்ளுக்குத்தான் தூண்டில் என்று பெயர்.

ஆள் கணக்கு ஒன்றே குறியாக இருந்தவர் கிளாரிந்தா விஷயத்தில் அப்படி நடந்திருக்கமாட்டார். மாதவையா எழுதி 1915இல் வெளிவந்த ஆங்கில நாவலால் அந்த அம்மாளின் பெயரைச் சிலர் அறிந்திருப்பார்கள். மராட்டியப் பிராமண விதவை. லிட்டில்டன் என்ற ஆங்கிலேய அதிகாரியோடு வாழ்ந்து வந்தாள். அவளாகவே வந்து ஞானஸ்நானம் கேட்டாள். உயர்ந்த குலம், செல்வாக்கு, படிப்பு. எந்தச் சபையும் கூரைமேல் ஏறிக் கூவ வேண்டிய ஆதாயம். கல்யாணமில்லாமல் நடக்கும் அந்தக் குடித்தனம் இருக்கும்வரையில் முடியாது என்று ஸ்வார்ட்ஸ் மறுத்துவிட்டார். லிட்டில்டன் இறந்த பிறகு, 1778இல், பாளையங்கோட்டையில்தான் அவளுக்கு ஞானஸ்நானம் கிடைத்தது. மறுத்தது சரியா, கல்நெஞ்சமா என்று எனக்கு இன்னும் தீர்மானமில்லை. கதாசிரியன் என்ற முறையில் நான் கிளாரிந்தாவின் கட்சி. ஆனால் லாபத்துக்காக மறுத்தார் என்று மட்டும் சொல்ல முடியாது.

தம் நோக்கத்தைத் தாமே சோதித்துக் காகிதத்தில் எழுதி வைத்த சந்தர்ப்பமும் ஒன்று உண்டு. அது ஹைதர் படையெடுப்பதற்கு ஒரு வருஷம் முந்தி, 1779இல் நடந்தது. சென்னை சர்க்கார் அவரை ரகசியமாகக் கூப்பிட்டு, ஸ்ரீரங்கப்பட்டணம் போய் ஹைதரிடம் எங்களுடைய சமாதான எண்ணத்தைச் சொல்லிவிட்டு வாரும் என்றது. ஹிந்துஸ்தானி தெரிந்தவர், லஞ்சம் வாங்காதவர், ஆகையால் பொருத்தமானவர். அவர் யோசித்தார். போவதற்கு அவர் கண்ட காரணங்கள் மூன்று. சமாதானம் நிலைத்தால் ஜனங்கள் பிழைப்பார்கள். இதில் ராஜதந்திர சூழ்ச்சி இல்லை என்று நம்பினார். போகிற வழியில் இதுவரை சுவிசேஷம் கேளாத ஊர்களில் அதைச் சொல்லலாம். கும்பெனி தமக்குச் செய்த உதவிகளுக்கு நன்றி காட்டினதாகவும் ஆகும். இவ்வளவையும் எழுதிவிட்டு, எந்த வெகுமதியும் தொட்டுக் கையை அசுத்தப்படுத்திக்கொள்வதில்லை என்று ஒரு சங்கல்பத்தையும் சேர்த்துக்கொண்டார்.

ஒன்றுக்கு மூன்று காரணம்! கருணை ஒன்று, தம் தொழில் ஒன்று, செஞ்சோற்றுக் கடன் ஒன்று. மகான்களின் சரித்திரம் எழுதுகிறவர்கள் முதல் காரணத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் அழித்துவிடுவார்கள். என் நண்பரைப் போன்றவர்கள் இரண்டாவதைப் பிடித்துக்கொண்டு மற்றவற்றை அழிப்பார்கள். அவர் மூன்றையும் அப்படியே விட்டிருக்கிறார். நாம் ஒரு நோயாளியைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போவதற்குக்கூட ஒரே ஒரு காரணம் இருப்பதில்லை அல்லவா?

ஸ்ரீரங்கப்பட்டணத்தில் ஹைதர் அவரைத் தம் பக்கத்தில் கம்பளத்தில் உட்கார வைத்துப் பேசினார். எழுதப் படிக்கத் தெரியாத அந்த மனிதர் ஒரே சமயத்தில் பல விவகாரங்களைக் கேட்டு உத்தரவு போடுவதைக் கண்டு ஸ்வார்ட்ஸ் பிரமித்தார். சாட்டை பிடித்த இருநூறு பேர் எப்போதும் தயாராக நிற்பதையும், அடி விழாத நாளே இல்லை என்பதையும் குறித்துக்கொண்டார். கிளம்பும்போது வழிச் செலவுக்கு என்று ஹைதர் 300 ரூபாய் கொடுத்தார். சென்னைக்கு வந்து அதைக் கும்பெனியிடம் ஒப்படைக்கப் போனார். நீரே வைத்துக்கொள்ளும் என்று கட்டாயப்படுத்தினார்கள். தஞ்சாவூரில் ஏழைப் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளிக்கூடத்துக்கு அதை முதலாகப் போட்டுவிட்டார்.

கை சுத்தமாகத்தான் இருந்தது. அந்தச் சுத்தமான கையில் கும்பெனி கொடுத்து அனுப்பிய செய்தி? அது நீர்மேல் எழுத்தாகப் போயிற்று. மறு வருஷமே போர். ஹைதர் கும்பெனியை நம்பவில்லை. இந்த மனிதரை மட்டும் நம்பினார். அவ்வளவு போரிலும் அந்தப் பாதிரியாரை எங்கும் தடையில்லாமல் போக விடுங்கள் என்று தம் சேனாதிபதிகளுக்கு உத்தரவிட்டார். நன்றாக யோசித்துப் பார்த்தால் இதில் ஒரு கசப்பு இருக்கிறது. நாணயமில்லாதவர்கள் நாணயமுள்ளவனைத் தேடிப் பிடித்து அவன் வாயால் தங்கள் வார்த்தையைச் சொல்லவைக்கிறார்கள். துளஜாஜியின் வெற்றுக் காகிதம் நெல்லாக மாறியது. சென்னை சர்க்காரின் காகிதம் ஒன்றுமாகவும் மாறவில்லை. இரண்டையும் கொண்டுபோனது ஒரே ஆள், ஒரே நோக்கத்தோடு.

இதைவிட எனக்கு வருத்தம் தருவது 1787. துளஜாஜிக்குப் பிள்ளையில்லை. சாகும் தறுவாயில் பத்து வயதுப் பையன் ஒருவனைச் சுவீகாரம் எடுத்தார். அவன்தான் சரபோஜி. ஸ்வார்ட்ஸை வரவழைத்து, இவன் என் பிள்ளையில்லை, இனி உம்முடைய பிள்ளை என்று கையைப் பிடித்துக் கொடுக்கப் போனார். ராஜ்யத்துக்கே காவலனாக இருக்கச் சொன்ன மாதிரிதான். வேறு யாராயிருந்தாலும் அந்தக் கையை இறுகப் பிடித்துக்கொண்டிருப்பார்கள். ஸ்வார்ட்ஸ் மறுத்தார். மாதத்தில் ஒன்றிரண்டு தடவை வந்து பார்த்துப் போவதற்கு மேல் என்னால் என்ன ஆகும், குழந்தை வேலியில்லாத தோட்டமாகப் போய்விடுமே என்றார். உங்கள் தம்பி அமர்சிங்கிடம் ஒப்படையுங்கள் என்று யோசனையும் சொன்னார். பாதிரிக்கு அதிகாரம் ஆகாது என்ற எண்ணம். எவ்வளவு சுத்தமான எண்ணம்! அதன் பலனை அனுபவித்தவன் அந்தப் பையன்.

துளஜாஜி கண் மூடியதும், கவர்னர் ஆர்ச்சிபால்ட் காம்ப்பெல் பண்டிதர்களைக் கேட்டார், அவர்கள் சுவீகாரம் செல்லாது என்றார்கள், அமர்சிங்கே ராஜாவானார். குழந்தையைக் காப்பாற்றுவதாகச் சொன்ன சிற்றப்பா அவனை இருட்டறையில் அடைத்து வைத்தார். எழுத்து வாசனையே படவிடவில்லை. ஸ்வார்ட்ஸ் பதறினார். சென்னைக்கு எழுதினார், மேலும் மேலும் எழுதினார். கடைசியில் 1793இல், அறுபத்தாறு வயதில், பையனையும் துளஜாஜியின் விதவைகளையும் சென்னைக்குத் தாமே கூட்டிப் போனார். அங்கே அவனுக்கு ஒழுங்கான படிப்புக் கிடைத்தது. அவன் உரிமைக்காக வயோதிகர் வாதாடிய வாதம் முடிவதற்கு இன்னும் ஐந்து வருஷம் பிடித்தது.

லண்டனில் கொக்கிக் கதை சொல்லிச் சிரித்ததும் அதே 1793தான். கிழவர் ஒரு பக்கம் இந்தப் பையனுக்காக அலைந்துகொண்டும், இன்னொரு பக்கம் தம் சபையின் மானத்துக்குப் பதில் எழுதிக்கொண்டும் இருந்திருக்கிறார்.

ஸ்வார்ட்ஸ் 1798 பிப்ரவரி 13இல் காலமானார். தாம் சேர்த்து வைத்திருந்ததைச் சபைக்கே எழுதி வைத்திருந்தார். பெட்டியை மூடுமுன் சரபோஜி வந்து முகத்தைப் பார்த்து அழுது, பொன் சரிகைத் துணி ஒன்றைப் போர்த்தினார். அந்த வருஷம் ஜூனில்தான் அவருக்குச் சிம்மாசனம் கிடைத்தது. ஆசிரியர் இருந்து பார்க்கவில்லை. அதற்கடுத்த வருஷம் நடந்ததையும் பார்க்கவில்லை. 1799இல் கும்பெனி ஓர் உடன்படிக்கை எழுதி வாங்கிக்கொண்டு, தஞ்சைச் சீமையின் நிர்வாகம் முழுவதையும் எடுத்துக்கொண்டது. சரபோஜிக்கு மிஞ்சியது கோட்டையும், வருஷத்துக்கு ஒரு லட்சம் வராகனும், நிகர வரும்படியில் ஐந்தில் ஒரு பங்கும். பாதிரியார் பாடுபட்டு ராஜாவைச் சிம்மாசனத்தில் ஏற்றினார். சிம்மாசனத்துக்கு அடியிலிருந்த ராஜ்யத்தைக் கும்பெனி உருவிக்கொண்டது. கும்பெனியும் நன்றி கெட்டதில்லை! சென்னைக் கோட்டையில் செயிண்ட் மேரி கோவிலுக்குள் அவருக்கு ஓர் அழகான சலவைக்கல் ஞாபகச் சின்னம் வைத்தது. அதையும் நான் பார்த்திருக்கிறேன். வேலைப்பாடு உயர்ந்ததுதான். ஏனோ அதன் முன்னால் அதிக நேரம் நிற்கத் தோன்றவில்லை.

சரபோஜி வேறு விதமாக நினைவு வைத்துக்கொண்டார். கல்லறைக்காக ஆங்கிலத்தில் தாமே வரிகள் புனைந்தார். 1806இல் அவரைப் பார்க்க வந்த புக்கானன் என்ற பாதிரியாரை அரண்மனைக்குள் அழைத்துப் போய், தம் முன்னோர்கள் படங்களுக்கு நடுவே மாட்டியிருந்த ஸ்வார்ட்ஸின் படத்தைக் காட்டினார். தம்மோடு கூடப் படித்த வேதநாயக சாஸ்திரியார் முழுக் கிறிஸ்தவக் கவிஞராக விளங்க, இவர் பெருவுடையாரைக் கும்பிட்டுக்கொண்டு, சரஸ்வதி மகாலில் ஏடுகளைச் சேர்த்துக்கொண்டு, கிறிஸ்தவ ஏழைக் குழந்தைகளுக்கும் தர்மம் வைத்துக்கொண்டு, 1832 வரையில் வாழ்ந்தார்.

இவ்வளவையும் படித்துக்கொண்டு அடுத்த தடவை தஞ்சாவூர் போனபோது நண்பரைத் தேடிப் போனேன். வாசல் திண்ணையில் சாய்வு நாற்காலியில் படுத்திருந்தார். கொக்கிக் கதையில் ஆரம்பித்து, வெற்றுக் காகிதம், மூன்று காரணம், பையன் எல்லாவற்றையும் சொன்னேன். நடுவில் பேசாமல் கேட்டார். அது அவர் சுபாவமில்லை.

"அந்த ராஜா பையன்மேல் இத்தனை பிரியம் வைத்தாரே, அவனும் கிறிஸ்தவனாக வேண்டும் என்று ஆசைப்பட்டிருப்பாரா, மாட்டாரா?" என்றார் முடிவில்.

"கட்டாயம் ஆசைப்பட்டிருப்பார்."

"அவன் ஆகவில்லை."

"இல்லை."

"அது தெரிந்தும் அறுபத்தாறு வயசில் அவனைத் தூக்கிக்கொண்டு சென்னைக்கு ஓடினாராக்கும்." சற்று நேரம் விசிறிக்கொண்டார். "தோட்டத்துக்கு வேலி போடச் சொன்னபோதே போட்டிருக்கலாம், ஸார். ஆறு வருஷம் இருட்டில் இருந்திருக்கிறது குழந்தை. தன் கை அழுக்காகிவிடும் என்று பயந்துவிட்டார் போலிருக்கிறது."

தூண்டிலைப் பற்றி அவர் பேச்செடுக்கவில்லை. நானும் ஞாபகப்படுத்தவில்லை. உள்ளேயிருந்து காப்பி வந்தது.

திரும்பும்போது வேண்டுமென்றே பாசஞ்சர் வண்டியில் ஏறினேன். திருச்சி போகிற வழியில் பூதலூர் ஸ்டேஷனில் நின்றது. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். மணல்மேடு ஒன்றும் கண்ணில் படவில்லை, வயல்தான் தெரிந்தது. பிளாட்பாரத்தில் நாலைந்து பையன்கள் எதற்கோ சிரித்துக்கொண்டு ஓடினார்கள். வண்டி கிளம்பிவிட்டது.